மூன்று நிமிட இடைவெளி

ஜூன் 8, 2024. சனி

சங்கக் கூட்டம். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை வண்ணார்பேட்டையில் ஆவுடையப்பனின் மூக்குக்கண்ணாடிக் கடை மாடியில் நடக்கும். இன்று பதினான்கு பேர். எல்லோருக்கும் திக்குவாய். எனக்கும். ஐம்பத்து மூன்று வயதில் இதை எழுதிவைப்பதற்குப் புதிதாக வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்த நோட்டுக்கு ஒரு விதி வைத்துக்கொள்கிறேன். இதில் யாரும் திக்க மாட்டார்கள். யார் எந்தச் சொல்லில் நின்றார்கள், எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று எழுதப்போவதில்லை. ஊர் நமக்குச் செய்யாத மரியாதையை நோட்டாவது செய்யட்டும்.

ஆவுடையப்பன் எழுந்து, "மாசத்துக்கு ஒரு மட்டம் கூடுனா போதாது. நமக்குன்னு ஒரு வெப்சைட் வேணும். ஆளுக ஊரூரா இருக்காவ. அவுக கேள்வி கேக்கணும், நாம பதில் சொல்லணும். யாரு செய்யுதிய?" என்றார்.

கையைத் தூக்கினேன். கணினி தெரியும் என்பதால் அல்ல. சங்கத்தில் பேசாமல் செய்யக்கூடிய ஒரே வேலை அதுதான்.

"தனசிங் சார் செய்வாரு. லைப்ரரில இருந்தவரு, படிச்சவரு" என்றார்.

இருந்தவர்தான். கணிதத்தில் எம்.எஸ்ஸி., பல்கலைக்கழகத்தில் இரண்டாம் இடம். 1996இல் விரிவுரையாளர் நேர்காணலில் முதல் கேள்வி, உங்கள் பெயர் என்ன. அங்கேயே முடிந்தது. "லைப்ரரில போடலாம். அங்க பேசப்படாதுன்னு போர்டே இருக்கு" என்றார் கல்லூரிச் செயலாளர். மற்ற நால்வர் சிரித்தார்கள். நால்வர் பெயரும் நினைவிருக்கிறது. இருவர் செத்துவிட்டார்கள். இரண்டு அடக்கத்துக்கும் நான் போகவில்லை. இருபத்தாறு வருடம் அந்த நூலகத்தில் இருந்துவிட்டு விருப்ப ஓய்வு பெற்றேன். வழியனுப்பு விழாவில் ஏற்புரை கேட்டார்கள். அதையும் மறக்கவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

கோவிலுக்குப் போகவில்லை. என் மனைவி சுகிர்தா மட்டும் போனாள். இணையதளத்துக்குப் பெயர் பதிவு செய்தேன்: 'நிறுத்தம்'. ஆவுடையப்பன் 'வெற்றிப் பேச்சு' என்று வைக்கச் சொல்லியிருந்தார். அதற்குப் பதில் எழுதவில்லை.

ஜூன் 12, புதன்

நான்கு நாளாகப் படிக்கிறேன். தளம் அமைப்பது பெரிய காரியம் இல்லை. கலந்துரையாடல் பலகைதான் சிக்கல். ஒருவர் கேள்வியை எழுதி ஒட்ட, மற்றவர்கள் அதன் கீழே வரிசையாகப் பதில் எழுதும் இடம். அதற்கென்று ஆயத்த மென்பொருள்கள் நூறு இருக்கின்றன. கத்துக்குட்டியான எனக்கு மூன்றுதான் தேறின. பெயர்களை எழுதினால் குழம்பும். பழையது, புதியது, வாடகை என்று வைத்துக்கொள்கிறேன்.

பழையது இருபது வருடமாக இருப்பது. அரசாங்க விண்ணப்பப் படிவம் மாதிரி முகம். எந்த மலிவான இடத்திலும் ஓடும்.

புதியது அழகு. எல்லாம் வழுக்கிக்கொண்டு போகிறது. ஆனால் தனியாக ஒரு சர்வர் கேட்கிறது.

வாடகையில் நமக்கு வேலையே இல்லை, எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எழுதியதும் அவர்களுடையதாகிவிடும்.

ஜூன் 13, வியாழன்

தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. எலெக்ட்ரீசியனைச் சுகிர்தா கூப்பிட்டாள். போன் பேசுவது முப்பது வருடமாக அவள் வேலை.

ஜூன் 15, சனி

வாடகை ஒழிந்தது. ஒருவர் உறுப்பினராகச் சேர வேண்டுமானால் அவர் தொலைபேசிக்கு ஓர் அழைப்பு வரும். இயந்திரம் பேசும். "உங்கள் பெயரைச் சொல்லி உறுதிப்படுத்துங்கள்" என்றது. மூன்று முறை முயன்றேன். "மன்னிக்கவும், உங்கள் குரல் கேட்கவில்லை" என்று வைத்துவிட்டது.

நேர்காணல் குழுவிலாவது காபி கொடுத்தார்கள்.

ஜூன் 17, திங்கள்

புதியதைச் சோதித்தேன். இரண்டு கணக்கு தொடங்கி எனக்கு நானே எழுதிப் பார்த்தேன். தமிழில் தேடினால் கிடைக்கிறது. எழுத்து உடைவதில்லை. பழையதில் தலைப்பு நீளமானால் கடைசி எழுத்தின் கொம்பையும் காலையும் வெட்டிவிடுகிறது. அதுவும் திக்குகிறது.

புதியதையே முடித்துவிடலாம் என்றிருந்தேன். அப்போதுதான் கவனித்தேன். ஒரு கணக்கிலிருந்து எழுதத் தொடங்கியதும் மறு கணக்கின் திரையில் ஒரு வரி வந்தது. 'தனசிங் எழுதிக்கொண்டிருக்கிறார்.' அதன் பக்கத்தில் மூன்று புள்ளிகள் துள்ளுகின்றன. எழுதியதை அழித்தேன், புள்ளிகள் நின்றன. மறுபடி எழுதினேன், மறுபடி துள்ளின.

அது எனக்குத் தெரிந்த முகம். நம் வாயைப் பார்த்துக்கொண்டு, வரட்டும் வரட்டும் என்று புருவத்தை உயர்த்திக் காத்திருக்கும் முகம். அதை யாரோ மென்பொருளில் செய்துவைத்திருக்கிறார்கள்.

அணைக்க வழி இருக்கிறதாம். அப்படி ஒன்றை யோசித்தவர்கள் வேறு என்னவெல்லாம் யோசித்திருப்பார்களோ.

பழையதில் இது கிடையாது. ஒருவர் ஒரு வரிக்காக மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் யாருக்கும் தெரியாது. முடித்த வரி மட்டும் வெளியே வரும்.

ஜூன் 22, சனி

ஆவுடையப்பன் வீட்டுக்கு வந்தார். சுகிர்தாவின் கண்ணாடிக் கால் உடைந்திருந்தது. அதைச் சரிசெய்து கொண்டுவந்தார்.

"என்ன சார், பொண்ணு பாக்க மாதிரில்லா பாக்குதிய. மூணுல ஒண்ண முடிங்க" என்றார்.

பழையதுதான் என்றேன்.

"அதுல குரல் போட்டு அனுப்பலாமா?"

முடியாது, எழுத்து மட்டும் என்றேன்.

"எழுதத்தான் நமக்கு வருமே! எழுத்துல எவன் சார் திக்குவாயன்? பேசுததுக்கு எடம் இல்லாமத்தான அலையுதோம்."

எழுத்தில் நாம் மற்றவர்களுக்குச் சமம் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சமமாவா? ஒளிஞ்சிக்கிட்டுல்லா இருக்கோம்" என்றார்.

சுகிர்தா சிரித்தாள். குறித்துக்கொள்கிறேன்.

இந்த மனிதர் எங்கும் யாரிடமும் பேசுவார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம், பேங்க் மேனேஜரிடம், நாய்களிடம். "எழுத்து அட்டையக் காட்டி 'இது தெரியுதா'ன்னு நான் கேட்டு முடிக்கதுக்குள்ள வந்தவன் அட்டைய மனப்பாடம் பண்ணிருவான், அதனால என் கடையில எவனுக்கும் பார்வைக் குறைவே கிடையாது" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். பதினோராம் வகுப்பு தாண்டாதவர். அவருக்கு எதுவும் உறைப்பதில்லை.

பழையது என்று முடிவாயிற்று.

ஜூன் 25, செவ்வாய்

பழையதின் தமிழாக்கம் பாதியில் நிற்கிறது. யாரோ நல்லவர் தொடங்கி, வாழ்க்கை வந்து இழுத்துக்கொண்டு போய்விட்டது போலிருக்கிறது. இருப்பதும் இயந்திரத்தனம். பதிவு என்று இருக்க வேண்டிய இடத்தில் தபால். 'உங்கள் தபால் வெற்றிகரமாக ஒட்டப்பட்டது.' 1,140 வரிகள். நானே செய்வதாக முடிவு செய்தேன். வேறு என்ன இருக்கிறது.

ஜூன் 28, வெள்ளி

212 வரிகள் முடிந்தன. 'உங்களுக்குப் புதிய செய்தி எதுவும் இல்லை.' ஆறு இடங்களில் ஆறு விதமாக வருகிறது.

ஜூன் 30, ஞாயிறு

கோவிலுக்குப் போகவில்லை. 61 வரிகள். வெண்டைக்காய் முற்றல்.

ஜூலை 4, வியாழன்

இன்று முடித்தேன். திக்குவாயனுக்குச் சொல் வளம் அதிகம். ஒரு சொல் வாயில் நின்றால் அதே பொருளில் இன்னொன்றைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவர வேண்டும். நாற்பது வருடப் பயிற்சி இந்த வேலைக்காவது உதவியது.

ஒரு வரியை மட்டும் நோட்டிலும் எழுதிவைக்கிறேன். ஒருவர் ஒரு பதிவை இட்ட கையோடு அடுத்ததையும் இட்டால் பலகை தடுக்கும். விளம்பரக்காரர்கள் புகுந்து நிரப்பாமலிருக்க. அப்போது காட்டவேண்டிய செய்தி மூலத்தில் வெறும் அதட்டல். அப்படியே விட மனம் வரவில்லை. ஒரு மனிதர் சொல்வது போல் எழுதினேன்.

'அவசரப்பட வேண்டாம். மூச்சை இழுத்து விட்டு, நிதானமாக மறுபடி சொல்லுங்கள்.'

1,140 வரிகளில் எனக்குப் பிடித்தது இது ஒன்றுதான். யோசிக்கவே இல்லை, தானாக வந்தது.

ஜூலை 6, சனி

பலகையைத் திறந்தாயிற்று. மாலைக்குள் ஒன்பது உறுப்பினர்கள். விருப்பமான பெயரில் சேரலாம். புதியவரின் முதல் பதிவை நிர்வாகி படித்து அனுமதித்த பிறகே வெளியாகும். நிர்வாகி நான். என் பெயர் பலகையில் எங்கும் கிடையாது.

சுகிர்தா பின்னால் நின்று பார்த்தாள். "தூத்துக்குடியில இருந்தும் சேரலாமா?" என்று கேட்டாள். இணையத்துக்கு ஊர் ஏது என்றேன். அவள் உள்ளே போய் யாருக்கோ போன் பேசினாள்.

ஜூலை 9, செவ்வாய்

ஆவுடையப்பன் காலை ஆறு மணியிலிருந்து ஏழுக்குள் பதினொரு பதிவு. எல்லாம் ரோஜாப்பூ. கீழே 'இனிய காலை வணக்கம்'. ஒன்றில் சூரியன் கண்ணடிக்கிறது.

இரு பதிவுகளுக்கு நடுவே இத்தனை விநாடி இடைவெளி என்று ஓர் அமைப்பு இருக்கிறது. பதினைந்து விநாடியில் வைத்திருந்தார்கள். நூற்றெண்பதாக்கினேன். மூன்று நிமிடம். பூ வாடட்டும்.

ஜூலை 13, சனி

கூட்டம். கைதட்டினார்கள். முத்துச்செல்வி, ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ், இந்தப் பலகையில் முதல் முறையாகத் தன் கதையை முழுதாகச் சொல்ல முடிந்தது என்றாள். இருபத்தேழு உறுப்பினர்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. படி இறங்கும்போது முழங்கால் வலித்தது.

தினமும் புதியவர்களின் பட்டியலைப் பார்க்கிறேன். அது நிர்வாகியின் வேலை.

ஜூலை 18, வியாழன்

புதிய உறுப்பினர். பெயர்: திரும்பி நடந்தவன். ஊர் என்ற இடத்தில் 'என்.ஜி.ஓ. காலனிக்கு ஒரு டிக்கெட்' என்று எழுதியிருக்கிறார்.

எழுதியிருக்கிறான்.

எங்கள் வீடு அப்போது பெருமாள்புரத்தில். பஸ்ஸில் 'பெ' வராது. எனக்கும் வராது, தம்பிக்கும் வராது. அதனால் அடுத்த நிறுத்தமான என்.ஜி.ஓ. காலனிக்கு டிக்கெட் எடுப்போம். பெருமாள்புரத்திலேயே இறங்கிவிடலாம். ஆனால் கண்டக்டர் ஏன் முன்னாலேயே இறங்குகிறாய் என்று கேட்பார். அதற்கும் பதில் சொல்ல வேண்டும். ஆகவே காலனி வரை போய் இறங்கித் திரும்பி நடப்போம். இது உலகத்தில் இரண்டு பேருக்குத் தெரியும்.

அவனுடைய முதல் பதிவு அனுமதிக்குக் காத்திருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

'என் மகளுக்கு ஏழு வயது. பள்ளி திறந்ததிலிருந்து சொற்கள் நிற்கின்றன. எனக்கும் உண்டு. அவளுக்கு என்ன சொல்லித்தருவது என்று நான் கேட்கவில்லை. அவளிடம் எதைச் சொல்லிவிடக் கூடாது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.'

கீழே இரண்டு பொத்தான்கள். அனுமதி, மறுப்பு. இரண்டையும் தமிழாக்கியவன் நான்.

ஜூலை 19, வெள்ளி

அனுமதிக்கவில்லை. மறுக்கவும் இல்லை. ரேஷன் கடையில் துவரம் பருப்பு வரவில்லை.

ஜூலை 20, சனி

பொன்சிங் என்னைவிட ஏழு வயது இளையவன். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். தரையிலிருந்து நாற்பதடி உயரத்தில் ஒற்றை ஆள் அறை. கீழே இருப்பவன் கையைக் காட்டுவான், இவன் தூக்குவான், இறக்குவான். நல்ல வேலையாகத்தான் பிடித்திருக்கிறான்.

பதினொரு வருடமாகப் பேச்சில்லை. 2013 மே மாதம், அவன் கல்யாணத்தன்று நண்பகலிலிருந்து. பந்தியில் எனக்கு இடம் வைக்கவில்லை. குடும்பப் படத்துக்குக் கூப்பிடவில்லை. மகள் பிறந்ததைச் சபைப் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டேன். ஜெரூஷா. ஞானஸ்நானத்துக்கு அழைப்பு இல்லை. அப்பா போன பிறகு அவனை ஐ.டி.ஐ. படிக்கவைத்தவன் நான். கல்யாணத்தில் அப்பா இடத்தில் நின்றவனும் நான்.

காரணம் கேட்டால் ஒரு வாக்கியம் என்பான். ஒரே ஒரு வாக்கியத்துக்காக ஒருவன் கூடப் பிறந்தவனை விடுவானா?

மாலை நான்கு மணிக்கு 'அனுமதி'யை அழுத்தினேன். சங்கத்துக்காக.

ஜூலை 21, ஞாயிறு

கேள்விக்குப் பதில்கள் வருகின்றன. முத்துச்செல்வி: 'அவள் முடிக்கிற வரைக்கும் முகத்தைத் திருப்பிவிடாதீர்கள். அது சொல்லாமல் சொல்வது.' ஆவுடையப்பன்: 'பாப்பாவுக்கு எங்க ஆச்சி எனக்குச் சொன்னதை மட்டும் சொல்லிராதீங்க. கூழாங்கல்லை வாயில போட்டுப் பேசுன்னாவ. ஒண்ண முழுங்கிட்டேன்.' அதற்கு அவன் சிரிப்புப் பொம்மை ஒன்று போட்டிருந்தான்.

நானும் பதில் எழுத உட்கார்ந்தேன். 'நிர்வாகி' என்ற பெயரில். நான்கு முறை எழுதி நான்கு முறை அழித்தேன். காலை ஒன்பதிலிருந்து ஒன்றரை வரை. எழுதிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. சரியான மென்பொருளைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

ஜூலை 22, திங்கள்

அவன் மாலை ஐந்தே முக்காலுக்கு உள்ளே வந்தான். ஷிப்ட் முடிந்திருக்கும். எல்லோருக்கும் நன்றி என்று ஒரு வரி இட்டான். அவன் எப்போதும் அப்படித்தான். கடிதத்தில்கூட ஒரு வரி எழுதி, இடம் விட்டு, அடுத்த வரி. மற்றதைத் தனித்தனியாக இட முயன்றிருக்கிறான். பதிவேட்டில் தெரிகிறது. 5.46க்கு ஒரு தடுப்பு. 5.46க்கே இன்னொன்று. 5.47க்கு மூன்றாவது.

5.58க்கு இது வந்தது.

'நான் சொல்ல வந்தது வேறு. இன்று மகள் வகுப்பில் தன் பெயரைச் சொல்லிவிட்டாள் என்று சொல்ல வந்தேன். ஆனால் இந்தப் பலகை என்னிடம் மூன்று முறை ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டது. அவசரப்பட வேண்டாம், மூச்சை இழுத்து விட்டு, நிதானமாக மறுபடி சொல்லுங்கள் என்று. எனக்கு இந்த வாக்கியம் தெரியும். யாருடையது என்றும் தெரியும். சொல்லிவிடக் கூடாதது எது என்று கேட்டிருந்தேன். பதில் கிடைத்துவிட்டது. என் கணக்கை நீக்கிவிடவும்.'

ஜூலை 23, செவ்வாய்

மோட்டார் மறுபடி ஓடவில்லை. கெப்பாசிட்டர் என்றார் எலெக்ட்ரீசியன்.

ஜூலை 24, புதன்

எழுதிவிடுகிறேன்.

எங்கள் கோவில் கல்யாணத்தில் மாப்பிள்ளை ஆலயப் பீடத்தின் முன்னால் நின்று, பாதிரியார் ஐயர் சொல்லச் சொல்ல உடன்படிக்கையைத் திருப்பிச் சொல்ல வேண்டும். முதலில் வருவது அவன் பெயர். பொன்சிங் ஆகிய நான். அந்த ஒரு வரிக்காக மூன்று மாதம் அவன் மொட்டைமாடியில் சொல்லிப் பார்த்தான். எனக்குத் தெரியும், கீழே படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். வந்துகொண்டுதான் இருந்தது.

அன்று நின்றுவிட்டது. அறுநூறு பேர். நான் அவன் வலப்பக்கம் நின்றேன். ஐயர் ஒன்றும் சொல்லவில்லை, காத்திருந்தார். மணப்பெண் பியூலாவும் காத்திருந்தாள், தலைகூட நிமிரவில்லை. அவர்களைப் போல் நானும் இன்னும் கொஞ்சம் காத்திருந்தால் வந்திருக்கும். நான்தான் அவன் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னேன். "அவசரப்படாத. மூச்ச இழுத்து விட்டுட்டு நிதானமா மறுபடி சொல்லு."

என் வாழ்க்கையில் ஒரு வாக்கியம் தடையில்லாமல் வந்தது அன்றுதான். மைக் பக்கத்திலிருந்தது. கோவில் முழுதும் கேட்டது. பெண் வீட்டுப் பக்கம் யாரோ சிரித்தார்கள். பிறகு இன்னும் பலர். அதற்குப் பிறகு அவனுக்கு ஒன்றுமே வரவில்லை. ஐயர் கேட்க, அவன் தலையாட்ட, கல்யாணம் முடிந்தது.

அந்த வாக்கியத்தை என்னிடம் சொன்னவர்கள் பட்டியல் என்னிடம் இருக்கிறது. அப்பா, நான்கு ஆசிரியர்கள், செயலாளர், வழியனுப்பு விழாவில் கல்லூரி முதல்வர். பட்டியலில் என் பெயரை நான் எழுதியதில்லை.

ஜூலை 25, வியாழன்

கணக்கை நீக்கும் பக்கத்தைத் திறந்தேன். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கணக்கை நீக்கிப் பதிவுகளை வைத்துக்கொள்வது. அப்போது எழுதியவர் பெயர் இருந்த இடத்தில் 'விருந்தினர்' என்று வரும். இன்னொன்று, பதிவுகளையும் சேர்த்து நீக்குவது. இதில் மூன்றாவது இல்லை. மூன்று மென்பொருளிலும் இதற்கு மூன்றாவது வழி இல்லை, போய்ப் பார்த்தேன்.

மூடிவிட்டு ஆவுடையப்பன் கடைக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. ஒரு பெண்மணிக்கு பிரேம் காட்டிக்கொண்டிருந்தார். அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அந்த வரிய நீங்களா சார் எழுதுனிய?"

ஆமாம்.

"எனக்கும் வந்துச்சு, ரோசாப்பூ போடும்போது. சரி, தனசிங் சாரு கிண்டல் பண்ணுதாருன்னு நெனச்சுச் சிரிச்சிட்டு விட்டுட்டேன்."

"கிண்டல் இல்லை அண்ணாச்சி."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்பம் அதுதான் சார் மோசம்."

அவன் யார் என்று சொன்னேன். சொல்லி முடிக்க அரைமணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இரண்டு வாடிக்கையாளர்களை அவர் நாளைக்கு வரச் சொன்னார். ஒரு சொல்லைக்கூட எனக்கு எடுத்துக்கொடுக்கவில்லை. முடிவில், "தம்பி கேட்டது உங்ககிட்ட இல்ல சார், பலகைகிட்ட. நீங்க பலகைக்குப் பின்னால நிக்கிய. அம்புட்டுதான்" என்றார்.

ஜூலை 26, வெள்ளி

இடைவெளியைப் பூஜ்யமாக்கினேன். அந்த வரியையும் அழித்தேன். காலியாக விட்டால் மென்பொருள் ஏற்கவில்லை, ஏதாவது எழுதச் சொல்கிறது. ஒரு முற்றுப்புள்ளி வைத்தேன்.

கணக்கை நீக்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டில் சுகிர்தா, "நாந்தான் பியூலாகிட்ட சொன்னேன், இந்த மாதிரி ஒரு சைட்டு இருக்குன்னு. ஒங்க பேரச் சொல்லல" என்றாள். அவர்கள் பதினொரு வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது என்று எழுதினால் பொய். நான் கேட்டதில்லை.

"நம்பர் இருக்கு. பேசுதியளா?"

எழுதுகிறேன் என்றேன். நிர்வாகி என்ற முறையில் அவன் மின்னஞ்சல் என்னிடம் இருக்கிறது. நல்ல கடிதமாக எழுத முடியும். எழுத்தில் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

"எழுதுனா படிச்சிட்டு மடிச்சி வச்சிருவாவ" என்றாள் சுகிர்தா. "நீங்க நல்லா எழுதுவியன்னு அவுகளுக்குத் தெரியாதா? நீங்க திக்குததக் கேட்டாத்தான், இது அண்ணன்தான்னு நெனப்பாவ."

ரசம் ஊற்றினாள்.

"நீ பேசிக் கொடு" என்றேன்.

"மாட்டேன்."

முப்பது வருடத்தில் அவள் அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை.

ஜூலை 27, சனி

காலை பத்து மணி. சுகிர்தா எண்ணை ஒரு தாளில் எழுதி மேஜையில் வைத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டாள். வேண்டுமென்றே போனாள். பையை மறந்துவிட்டாள்.

என்ன சொல்வது என்று ஒரு தாளில் எழுதிவைத்தேன். ஆறு வரிகள். கடினமான எழுத்தில் தொடங்கும் சொற்களை எல்லாம் மாற்றிவிட்டேன். ஒன்றை மட்டும் மாற்ற முடியவில்லை. என் பெயருக்கு வேறு சொல் கிடையாது.

மூன்றாவது மணியில் எடுத்தார்கள். பொன்சிங் இல்லை. சின்னக் குரல். ஹலோ, யார் பேசுவது என்று கேட்டது. அந்த மூன்று சொல்லுக்கு அவளுக்கு நேரம் பிடித்தது. நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். அவள் முடித்தாள்.

என் முறை வந்தது. பெரியப்பா என்றும் வரவில்லை, பெயரும் வரவில்லை. முதல் எழுத்தில் நாக்கு பல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது. சுவர்க்கடிகாரம் எதிரே இருந்தது, பார்க்கவில்லை. இந்நேரம் யாராயிருந்தாலும் ஹலோ ஹலோ என்று கத்துவார்கள். கேட்கவில்லை என்பார்கள். வைத்துவிடுவார்கள். அவள் கத்தவில்லை. வைக்கவும் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது.

தூரத்தில் அவன் குரல். "யாரும்மா?"

அவள் போனிலிருந்து வாயை விலக்கிச் சொன்னாள்.

"தெரியலப்பா. நம்மள மாதிரி ஒருத்தவுக. இன்னும் சொல்லி முடிக்கல, இருங்க."